பனி உருகுமுன் ஒரு வாளித் தண்ணீர்

மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் டொராண்டோவின் புறநகர் வீதிகளில் நடந்து செல்பவர்கள், மாதக்கணக்கில் வீட்டு முற்றங்களில் இறுகிக் கிடந்த பனி, பகல் வெயிலில் கசிந்தும் இரவுக் குளிரில் மறுபடி உறைந்தும் சிறுகச் சிறுகக் கரைந்து, அழுக்கு நீராகச் சாலையோர வடிகால்களை நாடி ஓடுவதைக் காண்பார்கள். அவர்கள் காணாத நீரும் உண்டு. மேல்மண் இளகிய பின்னும் அடிமண் சில காலம் உறைந்தே கிடப்பதால், உருகிய நீர் ஆழத்துக்கு இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் பரவி, வீடு கட்டிய நாளில் அஸ்திவாரத்துக்காகத் தோண்டிப் பிறகு நிரப்பிய தளர்ந்த மண்ணை வந்தடைந்து, சுவரை ஒட்டியே கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தின் முடிவில் நிலவறை இருக்கிறது. நிலவறையின் மூலையில், மூடியிட்ட ஒரு குழிக்குள், ஒரு சிறிய மின்சார யந்திரம் இருக்கிறது. சம்ப் பம்ப் என்று பெயர் பெற்ற அந்த யந்திரம் ஒழுங்காக இயங்கும் வரையில் வீட்டிலுள்ளோர் அதை நினைப்பதே இல்லை. அது இயங்கத் தவறிய இரவு விடியும்போது தரைவிரிப்பும் கட்டில் கால்களும் நீரில் நிற்கின்றன.

வாசலில் நிலத்தடித் தொட்டி கட்டி, குடிநீரை அதில் சேமித்து மாடிக்கு ஏற்றிப் பழகிய நமக்கு, நீரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதற்கென்றே ஒரு குழியும் ஒரு பம்பும் வேண்டியிருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். காரணம் அந்நாட்டுச் சீதோஷ்ணம். தென் ஒன்டாரியோவில் குளிர்காலத்தில் நிலம் ஏறத்தாழ நான்கடி ஆழம் வரையில் உறையக்கூடும். உறையும் ஈரமண் விரிந்து, தன்மேல் நிற்பது எதுவாயினும் அதைத் தூக்கி அசைத்துவிடும். ஆதலால் அஸ்திவாரம் அந்த ஆழத்துக்கும் கீழே சென்று ஊன்றி நிற்க வேண்டும். எப்படியும் நான்கடி தோண்டியே தீர வேண்டும் என்றான பின்பு, மேலும் சிறிது தோண்டி ஒரு தளத்தையே அமைத்துக்கொள்வது சிக்கனம் என்று கண்டதன் விளைவே பேஸ்மென்ட் என்று நம்மவரும் சொல்லும் நிலவறை. வீட்டைச் சூடாக்கும் யந்திரமும், வெந்நீர்க் கலமும், துணி துவைக்கும் மிஷினும், மின்சாரப் பெட்டியும் அங்கேதான் இருக்கின்றன. வீட்டின் ஜீவாதாரமான சாதனங்களையெல்லாம் அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மூலைக் குழியின் முக்கியத்துவம் விளங்கும்.

நாற்புறமும் ஈரமண் அழுத்துகின்ற இந்தப் பள்ளத்தை உலர்வாக வைத்திருப்பதற்கு அங்கே கையாளும் உபாயம் வயல்வெளியிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி, நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்னும் ஊருக்கருகே உழவு செய்துவந்த ஜான் ஜான்ஸ்டன் என்பவர், 1830-களில் தம் தாய்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றி, நீர் தேங்கும் களிமண் நிலத்துக்கடியில் சுட்ட மண்குழாய்களை வரிசையாகப் புதைத்தார். மண்பாண்டத்தைப் புதைக்கும் பைத்தியக்காரத்தனம் என்று அண்டை நிலத்தார் பேசிக்கொண்டார்கள்; கோதுமை விளைச்சல் பெருகியதும் பேச்சு அடங்கியது. பின்னர் ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்னும் வழக்கறிஞர் 1859-இல் பண்ணை வடிகால் பற்றி ஒரு நூல் எழுதி அம்முறையைத் தேசமெங்கும் பரப்பினார். வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கனின் நினைவு மண்டபத்துக்குள் வீற்றிருக்கும் மாபெரும் சிலையை வடிவமைத்த சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்சு அவருடைய புதல்வர் என்பது பலரும் அறியாத செய்தி. மகனுடைய சிலையைக் காணத் திரள் திரளாக மக்கள் செல்கிறார்கள்; தந்தை பரப்பிய வடிகாலோ எண்ணற்ற வீடுகளுக்கடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இன்று மண்குழாயின் இடத்தைத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் பிடித்துக்கொண்டது. சல்லி நிரப்பிய அகழிக்குள், வீட்டின் அடித்தளத்தைச் சுற்றி ஒட்டியாணம்போல் வளைந்து செல்லும் அக்குழாய், மண்ணில் ஊறி வரும் நீரைச் சுவருக்குள் புகவிடாமல் வாங்கிக்கொள்கிறது. பழைய டொராண்டோ வீடுகள் பலவற்றில் அந்நீர் நேரே நகரத்துப் பாதாளச் சாக்கடையில் விடப்பட்டிருந்தது. பெருமழையில் சாக்கடை நிரம்பியபோது அந்த இணைப்பு சாக்கடையின் பாரத்தை மிகுதியாக்கியது. சாக்கடை எதிர்த்துத் தள்ளியபோதோ அதுவே அஸ்திவாரத்துக்கு ஆபத்தான வழியாயிற்று. இதை அனுபவத்தில் உணர்ந்த மாநகராட்சி, அவ்விணைப்பைத் துண்டிக்கவும் சம்ப் பம்ப் அமைக்கவும் வீட்டுக்காரர்களுக்கு மானியம் வழங்கி வருகிறது. துண்டித்த பின்பு நீர் குழிக்கு வரும்; குழியிலிருந்து மேலேற்றி வெளியே விட வேண்டியது பம்பின் கடமை. நிலத்தின் கீழிருந்து நீரை இறைக்கும் தேவைதான் யந்திர யுகத்தையே தொடங்கி வைத்தது என்று சொன்னாலும் மிகையாகாது. 1712-இல் இங்கிலாந்தின் டட்லி நகருக்கருகே தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவி யந்திரம் செய்த வேலை, ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் நீரை வெளியேற்றியது அன்றி வேறில்லை.

சொந்த வீட்டின் அந்தக் குழியை மூடி திறந்து உற்றுப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. சாதாரணமாக அது 18 அங்குல விட்டமும் 24 அங்குல ஆழமும் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தரையின் கான்க்ரீட்டுக்குள் வாய் மட்டும் தெரியப் புதைந்திருக்கும். ஒரு பக்கத்தில் வடிகுழாயின் வாய் திறந்திருக்க, அதிலிருந்து நீர் மெல்லிய சரடாக விழும். வறட்சிக் காலமாயின் அந்த வாயின் கீழுதட்டில் ஈரத்தின் தடம் மட்டும் இருக்கும். சில வீடுகளில் அங்கே செங்காவி நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம் தொங்குவதைக் காணலாம். நிலத்தடி நீரிலுள்ள இரும்பை உண்டு வளரும் நுண்ணுயிர்களின் விளைவு அது. குடிப்பவர் யாருமில்லாததால் உடலுக்கு அதனால் தீங்கில்லை, ஆனால் பம்பின் வாய்ச் சல்லடையை அடைப்பதில் அதற்கு நிகரானது வேறொன்றுமில்லை. அடியில் வண்டலும் சிறு கற்களும், கட்டடம் கட்டியவர்கள் விட்டுச் சென்ற சிமென்ட்டுத் துகளும் கிடக்கும். நடுவே பம்ப் நிற்கும். அதன் தலையிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் நேராக மேலெழும்பிச் சுவரைத் துளைத்து வெளியேறும். பக்கத்தில் ஒரு மிதவை தொங்கும்.

பரீட்சை எளிது. ஒரு பெரிய வாளியில் 20 லிட்டர் தண்ணீர் எடுத்து, மூடியை நீக்கி, மெதுவாகக் குழிக்குள் ஊற்ற வேண்டும். மேலே சொன்ன அளவுள்ள குழியில் ஒரு வாளி நீர் மட்டத்தை ஏறக்குறைய ஐந்து அங்குலம் உயர்த்தும்; மிதவை எழும்பிப் பம்பைத் தூண்டுவதற்கு இரண்டாவது வாளியும் வேண்டியிருக்கலாம். எழும்பும் மிதவை சுவரிலோ குழாயிலோ மின்கம்பியிலோ உராயாமல் தாராளமாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் தொடங்கும் ஓசை சீராக இருக்க வேண்டும். கரகரப்பு கேட்டால் கல் அகப்பட்டிருக்கிறது. மோட்டார் முனகிக்கொண்டு நீர் மட்டம் இறங்காமல் நின்றால் சுழல்தட்டு அடைபட்டிருக்கிறது அல்லது குழாயில் காற்று சிக்கியிருக்கிறது. நீர் இறங்கியதும் மிதவை தாழ்ந்து பம்ப் தானே நிற்க வேண்டும். தொடங்குவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் அநேகர். நிற்காத பம்பும் தொடங்காத பம்பைப் போன்றே கெட்டது. நீருக்குள் மூழ்கி நின்று குளிர்ந்துகொள்ளும்படி அமைக்கப்பட்ட மோட்டார், குழி வற்றிய பின்னும் ஓடிக்கொண்டிருந்தால் விரைவில் வெந்துபோகும்.

பம்ப் பழுது என்றவுடன் மோட்டாரின்மேல் பழி போடுவது இயல்பு. ஆயினும் மிதவையும் அதனோடு சேர்ந்த சுவிட்சுமே பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. கம்பியில் தொங்கி ஊசலாடும் மிதவை, பம்ப் அதிர்ந்து அதிர்ந்து இடம் பெயர்ந்ததனால் குழிச் சுவரில் ஒட்டிக்கொண்டு எழாமல் நின்றுவிடும். குறுகிய குழியில் இவ்வகை ஏற்றதன்று, தண்டில் நேராக ஏறி இறங்கும் மிதவையே நல்லது. சுவரிலுள்ள சாக்கெட்டைக் கவனித்தால், பல வீடுகளில் இரண்டு பிளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருப்பது தெரியும்; அடியிலிருப்பது மிதவையினுடையது, அதன் முதுகில் ஏறியிருப்பது பம்பினுடையது. குழியில் நீர் இருந்தும் பம்ப் ஓடவில்லையானால், இரண்டையும் பிடுங்கிப் பம்பின் பிளக்கை மட்டும் நேராகச் சாக்கெட்டில் செருகிப் பார்க்கலாம். ஓடினால் குற்றம் மிதவையினுடையது, மோட்டார் நிரபராதி. இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டிருந்தால், நள்ளிரவில் பிளம்பர் வந்து சேரும் வரையில் கையாலேயே பம்பை ஓட்டியும் நிறுத்தியும் வீட்டைக் காத்துக்கொள்ள முடியும். சாக்கெட்டோ, ஏற்கெனவே நீர் சூழ்ந்த தரையோ ஆபத்தான நிலையில் இருக்குமானால் அந்த முயற்சியே வேண்டாம். மின்சாரம் பாயும் வெள்ளத்தில் கால் வைப்பதைவிட ஒரு தளம் நனைந்துபோவது மேல்.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகே குழிக்குள் கை விட வேண்டும். பம்பை வெளியே எடுத்து, அடிச்சல்லடையில் படிந்த வண்டலைக் குழாய் நீரால் கழுவி, சுண்ணப்படிவு இருந்தால் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, குழியின் அடியிலுள்ள சேற்றை அள்ளிவிட்டு, பம்பை ஒரு தட்டையான கல்லின்மேல் நிறுத்தினால், சல்லடை வண்டலைவிட்டு இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும்.

மேலெழும் குழாயில் இரண்டு நுட்பமான அமைப்புகள் உண்டு. அவற்றை அறியாமல் பம்பை மட்டும் பேணுவதில் பிரயோஜனமில்லை. ஒன்று நான்-ரிட்டர்ன் வால்வு. பத்தடி உயரமுள்ள ஒன்றரை அங்குலக் குழாயில் மூன்று லிட்டருக்குமேல் நீர் நிற்கும். வால்வு தளர்ந்துவிட்டால் பம்ப் நின்றவுடன் அத்தனையும் குழிக்குள் திரும்பி விழும். அதையே பம்ப் மீண்டும் இறைத்து, செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்து தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும். மற்றொன்று, வால்வுக்குக் கீழே குழாயில் இட்டிருக்கும் எட்டில் ஓர் அங்குலத் துளை. பம்ப் ஓடும்போது அதிலிருந்து நீர் பீச்சுவதைப் பார்த்துவிட்டு, கசிவு என்று எண்ணிப் பசை வைத்து அடைத்துவிடும் உபகாரிகள் உண்டு. உண்மையில், வால்வுக்கும் பம்புக்கும் இடையில் சிக்கும் காற்று வெளியேறுவதற்காக வேண்டுமென்றே இட்ட துளை அது. அதை அடைத்தால், மோட்டார் சுழன்றும் ஒரு துளி நீரும் ஏறாத நிலை ஒருநாள் வரும். ஆகவே அத்துளையை வருஷத்துக்கு ஒருமுறை ஓர் ஊசியால் குத்தித் திறந்து வைக்க வேண்டும்.

குழியைப் பரீட்சித்தவர்கள் வீட்டுக்கு வெளியேயும் செல்ல வேண்டும். இதையே நான் முக்கியமாக வற்புறுத்த விரும்புகிறேன். உள்ளே பம்ப் செம்மையாக ஓடினாலும், வெளியே நீர் விழும் வாய் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தால் அத்தனை வேலையும் வீண். ஜனவரியில் ஓரிரு நாள் வெயிலடித்துப் பனி இளகும். பம்ப் சிறிது நீரை வெளியே தள்ளும். அன்றிரவே குளிர் மிகுந்து, குழாயின் தொய்வான பகுதியில் தங்கிய நீர் உறைந்து அடைப்பாகும். அடுத்த உருகலில் பம்ப் அந்த அடைப்போடு போராடும். இதற்குப் பரிகாரம், குழாய் வெளியே தொய்வின்றித் தொடர்ந்து சரிந்து செல்லும்படி அமைப்பது, கோடையில் பூட்டிய நெளியும் குழாயை நவம்பருக்குள் கழற்றிவிடுவது, சுவரைவிட்டு வெளிவரும் இடத்தில் அடைப்பு நேர்ந்தாலும் நீர் வழிந்து போவதற்குச் சல்லடை வாயுள்ள ஓர் இணைப்பைப் பொருத்துவது. விழும் இடம் அஸ்திவாரத்துக்கு ஆறடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். சுவரடியிலேயே நீரைக் கொட்டும் வீடுகளில், அதே நீர் மறுபடி மண்ணில் ஊறி, வடிகுழாய் வழியே குழிக்கு வந்து, முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பம்ப் ஓயாமல் ஓடுகிறதே, பூமிக்கடியில் ஊற்று இருக்கிறதோ என்று வீட்டுக்காரர் அஞ்சுகிறார். கூரைநீர் இறங்கும் குழாய்களின் கதையும் இதுவே. அண்டை வீட்டாரின் சுவரை நோக்கியும் அந்நீரை விடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், நெருங்கிய மனைகளில் இதுவே வழக்குகளுக்கு வித்தாகிறது.

இனி, மின்சாரம். பம்புக்கு மிகுந்த வேலையுள்ள இரவே மின்சாரம் அறுபடும் இரவாகவும் இருக்கிறது என்பது இவ்வேற்பாட்டின் ஆதாரமான பலவீனம். 2013 ஜூலை 8-ஆம் தேதி மாலை டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1954-இல் ஹேசல் சூறாவளி பெய்வித்த ஒருநாள் மழையையும் அது விஞ்சியது. அதே மாலையில் மின்நிலையத்தில் வெள்ளம் புகுந்து மூன்று லட்சம் இணைப்புகள் வரையில் இருளில் மூழ்கின. அவ்வருஷமே டிசம்பரில் உறைமழை மரக்கிளைகளை முறித்துக் கம்பிகளை அறுத்து, கிறிஸ்துமஸ் காலத்தில் நாட்கணக்கில் பல வட்டாரங்களை இருளில் ஆழ்த்தியது. 2024 ஜூலை 16-இல் பியர்சனில் 97.8 மில்லிமீட்டர் மழை. டான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை ஆறாக ஓடியது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. பாட்டரியால் இயங்கும் துணைப் பம்பை ஆடம்பரம் என்று கருதுவோர் இந்தத் தேதிகளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாட்டரிக்கும் பராமரிப்பு உண்டு. காரில் வைக்கும் பாட்டரி இதற்கு உதவாது. நீண்ட நேரம் மெல்ல மெல்ல வடிந்து மீண்டும் நிரம்பக்கூடிய வகையே வேண்டும். நீர் ஊற்றும் வகையானால் சில மாதங்களுக்கு ஒருமுறை காய்ச்சி வடித்த நீரை அளவு வரையில் ஊற்றி, முனைகளில் பூத்த வெண்பச்சைக் களிம்பைத் துடைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். பரீட்சிக்கும் நாளில் பெரிய பம்பின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றினால், துணைப் பம்ப் எழுந்து வேலை செய்கிறதா என்பது ஐயமறத் தெரியும். நகரக் குடிநீரின் அழுத்தத்தாலேயே இயங்கும் துணைப் பம்பும் உண்டு. மின்சாரமும் பாட்டரியும் வேண்டாதது என்பது அதன் சிறப்பு, நல்ல தண்ணீரைச் செலவழித்தே கெட்ட தண்ணீரை இறைக்கிறது என்பது அதன் குறை. கிணற்று நீரையே நம்பியிருக்கும் வீட்டில் மின்சாரம் போனால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடுமாதலால், அங்கே அது பயன்படாது.

சம்ப் பம்ப் எல்லா வெள்ளத்துக்கும் மருந்தன்று. பாதாளச் சாக்கடை நிரம்பிக் கழிவறை வழியாகவும் தரைத்துவாரம் வழியாகவும் எதிர்த்து வரும் அசுத்த நீரை அதனால் தடுக்க முடியாது. அதற்குப் பேக்வாட்டர் வால்வு என்னும் வேறொரு சாதனம் சாக்கடைக் குழாயிலேயே பொருத்தப்பட வேண்டும். இன்சூரன்ஸ் பத்திரங்களிலும் சாக்கடை எதிர்த்து வருவதையும் வெளிவெள்ளம் புகுவதையும் தனித்தனியே கூடுதல் தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமே இருக்கிறது. சேர்த்திருக்கிறோமா என்பதை மழைக்கு முன்பே படித்துப் பார்ப்பது நலம்.

டொராண்டோவின் நிலவறைகளோடு தமிழர்களுக்குள்ள உறவு தனியானது. 1983-க்குப் பிறகு இலங்கையைவிட்டு வந்தவர்களில் பலருக்கு ஸ்கார்பரோவில் கிடைத்த முதல் வசிப்பிடம் பிறர் வீட்டின் நிலவறையே. இரண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்து, மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் ஏஜாக்ஸிலும் சொந்த வீடு வாங்கியவர்கள், கடன் தவணையை ஈடு செய்யத் தங்கள் நிலவறையைப் புதிதாக வந்த மாணவருக்கோ குடும்பத்துக்கோ வாடகைக்கு விடுகிறார்கள். குழி பெரும்பாலும் அந்த வாடகைப் பகுதிக்குள், துணி துவைக்கும் மூலையில், அட்டைப்பெட்டிகளுக்கடியில் இருக்கிறது. மேலே வசிப்பவருக்கு அதன் ஓசை கேட்காது. கீழே வசிப்பவருக்கு அது என்ன ஓசை என்று தெரியாது. நீர் புகுந்தால் முதலில் நனைவது கீழே தரையில் மெத்தை விரித்துப் படுத்திருப்பவருடைய சான்றிதழ்களும் குழந்தையின் பாடப்புத்தகங்களும், ஊரிலிருந்து அரிதில் கொண்டுவந்த புகைப்படங்களும்தாம். ஆதலால் இந்தப் பரீட்சையை வீட்டுச் சொந்தக்காரர் தாமே வந்து செய்ய வேண்டியது, பிளக் எது, மின்பெட்டியில் எந்தச் சுவிட்ச், இரவில் யாரை அழைப்பது என்பவற்றைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டியது, அவருடைய பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமன்று. வாங்கும் வாடகைக்கு அவர் பட்டிருக்கும் கடன் அது. குழந்தைகள் உள்ள வீட்டில் குழியின் மூடி திருகாணியிட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். மண்ணிலிருந்து கசியும் ராடான் வாயு அறைக்குள் பரவாமல் இருப்பதற்கும் அந்த இறுக்கம் துணை செய்யும்.

எப்போது பரீட்சிப்பது என்றால், பனி உருகத் தொடங்குமுன் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒருமுறை முழுமையாக. கோடையின் இடிமழைக்கு முன் ஜூனில் ஒருமுறை. இலைகள் உதிர்ந்து வடிகால்களை அடைக்கும் அக்டோபரில், வெளிக்குழாயைக் கழற்றும்போது ஒருமுறை. நீண்ட நாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் புறப்படுகிறவர்கள் புறப்படும் வாரத்திலும் செய்துகொள்வது விவேகம். குழியின் விளிம்பில் பொருத்தும் அபாய மணி இப்போது செல்போனுக்கும் செய்தி அனுப்புகிறது என்றாலும், செய்தி கிடைத்தவுடன் வந்து பார்க்க அண்டை வீட்டில் ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும்.

பம்பின் ஆயுள் ஏழு முதல் பத்தாண்டு என்பது பொதுவான கணக்கு. ஓயாமல் ஓடும் வீட்டில் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். பொருத்திய தேதியை மூடியின்மேல் அழியாத மையால் எழுதி வைத்தால், வீடு கை மாறினாலும் அடுத்தவருக்கு அது தெரியும். மாற்றும்போது பெரிய குதிரைசக்தியுள்ளதே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல தயாரிப்பானால் மூன்றில் ஒரு பங்கு குதிரைசக்தியுள்ள பம்பே பத்தடி உயரத்துக்கு மணிக்கு 7,500 லிட்டர் அளவில் இறைத்துவிடும். சிறிய குழியில் அதைவிடப் பெரியதை வைத்தால் நொடிகளில் வற்றடித்து நின்று, நிமிஷத்துக்கொருமுறை மீண்டும் தொடங்கி, சுவிட்சைத் தேய்த்துவிடும். கழற்றிய பழைய பம்ப் ஓடக்கூடிய நிலையில் இருந்தால் அதைக் குப்பையில் எறிய வேண்டாம். கழுவித் துடைத்து, அதன் குழாய் இணைப்போடு சேர்த்து, குழிக்கு அருகிலேயே ஓர் அலமாரித் தட்டில் வைத்திருந்தால், கடைகள் அடைத்த ஒரு சனிக்கிழமை இரவில் புதியது கைவிட்டாலும் விடியும் வரையில் தாக்குப்பிடிக்க அது போதும்.